பார்த்தவரும் வந்தவரும்



ரமளானின் முதற்பிறை பார்ப்பதில் திருவண்ணாமலை நகரத்து முஸ்லிம்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. நகரம் மலைக்குக் கிழக்கே இருக்கிறது. சூரியன் மறைந்ததும் மேற்கே திரும்பினால் மலைதான் நிற்கும். தாழ இருக்கும் இளம்பிறை அதன் முதுகுக்குப் பின்னால் போய்விடும். ஆகையால் நம் சிறு வயதில் அஸர் தொழுத கையோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு, மலையைச் சுற்றி அடி அண்ணாமலைப் பக்கம் போய்விடுவோம். அங்கே மேற்கு வானம் திறந்து கிடக்கும். வயல் வரப்பில் பெரியவர்கள் வரிசையாக நிற்பார்கள். ஒருவர் கண்ணில் முதலில் படும். "அதோ, அந்தப் பனை மட்டைக்கு நேராக, கொஞ்சம் மேலே" என்று கையை நீட்டுவார். அடுத்தவர் அந்தக் கை வழியே பார்ப்பார். சிறு பிள்ளையைத் தோளில் தூக்கிக் காட்டுவார்கள். கண் மங்கிய கிழவர் ஒருவர், "எனக்குத் தெரியலே அத்தா, நீங்க பாத்தா நானும் பாத்த மாதிரிதான்" என்று துஆவுக்குக் கை ஏந்துவார்.

இன்று பிறை செல்போனில் வருகிறது. படத்தோடும் வருகிறது. அது எந்த ஊர்ப் பிறை, எந்த வருடத்துப் பிறை என்பது அனுப்பியவருக்கும் தெரியாது.

இதைச் சொல்வது பழைய நாட்களை நினைத்துப் பெருமூச்சு விடுவதற்காக அல்ல. பிறை விஷயத்தில் மார்க்கம் பார்வையை எப்படி நடத்துகிறது என்பதைக் கவனியுங்கள். பார்த்தவர் பார்த்துவிட்டுச் சும்மா வீட்டுக்குப் போய்விட முடியாது. காஜியிடம் வந்து சாட்சி சொல்ல வேண்டும். அவருடைய பார்வையின் மேல் ஓர் ஊரின் நோன்பும் பெருநாளும் நிற்கின்றன. அரபியில் 'ஷஹித' என்ற சொல்லுக்கு 'அங்கே இருந்தான்' என்றும் பொருள்; 'சாட்சி சொன்னான்' என்றும் பொருள். நாம் மொழிகிற ஷஹாதத்தும் அதே வேரிலிருந்து வந்ததுதான். வந்திருந்தவரே சாட்சி, சாட்சியானவருக்குப் பொறுப்பு உண்டு. இந்த இரண்டையும் ஒரே சொல்லுக்குள் வைத்திருக்கிறது அம்மொழி.

நேரலைக் காட்சி இந்த இரண்டையும் பிரித்துவிட்டது. இதுதான் இம்மாதம் நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம்.

கூடிப் பார்க்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. ஊராட்சி மன்ற ரேடியோவைச் சுற்றி ஊரே உட்கார்ந்திருந்தது ஒரு காலம். 1975 ஆகஸ்டில் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிய பிறகு, பெட்டி வாங்கிய வீட்டுக் கூடத்தில் தெருவே கூடியது. 2006க்குப் பின் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. வீட்டுக்கு ஒரு பெட்டி ஆயிற்று, தெரு கலைந்தது. பின்னர் ஆளுக்கொரு செல்போன் வந்தது, வீடும் கலைந்தது. ஆனால் 2016ல் ஃபேஸ்புக் தன் நேரலை வசதியை எல்லாருக்கும் திறந்துவிட்டதும் ஓர் அதிசயம் நடந்தது. தனித்தனி மூலையில் இருந்த ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் ஒன்றைப் பார்க்கலானார்கள். திரையின் மூலையில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று எண்ணிக்கை ஓடுகிறது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் தோள் நம் மேல் படுவதில்லை.

2020ல் நாம் எல்லாரும் இந்தத் திரைக்குள் குடியேறினோம். கொரோனா முடக்கத்தில் பௌர்ணமி கிரிவலம் நின்றது. லட்சக்கணக்கான கால்கள் பழகிய அடி அண்ணாமலைச் சாலையில் நாய்கள் படுத்துக் கிடந்தன. பள்ளிவாசல் கதவுகள் சாத்தியிருந்தன. ஏப்ரல் 25ல் நோன்பு தொடங்கியபோது தராவீஹை அவரவர் வீட்டில் தொழுதோம். மக்காவிலேயே பொதுமக்களை அனுமதிக்காமல், ஊழியர்களை மட்டும் வைத்துப் பத்து ரக்அத்துகள் நடந்தன. நம் பங்குக்கு நாமும் பயான் செய்தோம். கிதாபுகளை அடுக்கி அதன்மேல் செல்போனைச் சாய்த்து வைத்து, எதிரே இருந்த சுவரைப் பார்த்து, "அன்புச் சகோதரர்களே" என்றோம். எங்கே நிறுத்துவது, யார் முகத்தைப் பார்த்து அடுத்த வாக்கியத்தைச் சொல்வது என்று தெரியவில்லை. பள்ளியில் பயான் செய்யும்போது முன் வரிசையில் தூங்கி விழும் முதியவர்கூட எவ்வளவு பெரிய உதவி என்பது அன்றுதான் விளங்கியது.

அப்போது பல வீடுகளிலிருந்து வந்த கேள்வி இது: மக்கா தராவீஹ் தொலைக்காட்சியில் நேரலையாக வருகிறதே, பெட்டியைக் கிப்லாப் பக்கம் வைத்து அந்த இமாமைப் பின்பற்றித் தொழலாமா? இப்போதும் ஒவ்வொரு ரமளானிலும் ஒருவராவது கேட்கிறார்.

கூடாது. இமாமைப் பின்தொடர்வதற்கு, அதாவது இக்திதாவுக்கு, இடம் ஒன்றாயிருப்பது ஷர்த்து. நம் ஹனஃபி மத்ஹபில், இமாமுக்கும் பின்தொடர்பவருக்கும் நடுவே ஸஃப்புகள் தொடராமல், வண்டி போகும் அளவு பாதையோ படகு செல்லும் ஆறோ குறுக்கிட்டாலே இக்திதா சேராது. ஷாஃபிஈ மத்ஹபில் பள்ளிக்கு வெளியே நிற்பவருக்கு ஏறத்தாழ முந்நூறு முழம் எல்லை. அடி அண்ணாமலைக்கும் மக்காவுக்கும் நடுவே எத்தனை வண்டிப் பாதை! கப்பல் போகும் கடலே கிடக்கிறது! மேலும் நேரலை என்பது பெயருக்குத்தான். படம் சுற்றி வந்து சேரச் சில விநாடிகளாகும். யூடியூப் போன்றவற்றில் அரை நிமிடம்கூடப் பிந்தும். நீங்கள் ஸுஜூதுக்குப் போகும்போது அங்கே இமாம் எழுந்து நின்றுவிட்டிருப்பார். ஸுஜூதில் இருக்கும்போது கரண்டு போய்விட்டால் உங்கள் இமாமும் போய்விடுவார்.

கருவி என்றாலே உலமாக்கள் எதிர்ப்பார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். ஒலிபெருக்கி வந்த காலத்தில் அதன் ஓசையைக் கேட்டு ருகூஉ செய்யலாமா என்று எவ்வளவோ விவாதம் நடந்தது. ஆராய்ந்து தெளிந்து ஏற்றுக்கொண்டார்கள். ஒரே பள்ளியில் நிற்பவர்களுக்கு இமாமின் குரலை எட்டச் செய்தது ஒலிபெருக்கி. வேறு ஊரில் இருப்பவரைப் பள்ளிக்குள் கொண்டுவரும் சக்தி எந்தக் கருவிக்கும் இல்லை.

பயான் கேட்பது வேறு. படுக்கையில் கிடக்கும் முதியவர், பக்கத்தில் பள்ளி இல்லாத ஊரில் வேலை செய்பவர், கைக்குழந்தையை விட்டு வரமுடியாத தாய் ஆகியோர் செல்போனில் மார்க்கம் கேட்பது அல்லாஹ்வின் அருளே. கேட்ட இல்முக்கு நன்மை உண்டு, இன்ஷா அல்லாஹ். ஆயினும் மஜ்லிஸ் என்று ஒன்று இருக்கிறது. திக்ரு செய்வோரின் சபையைப் பற்றிய ஹதீஸை நீங்கள் கேட்டிருப்பீர்கள். மலக்குகள் அந்தச் சபையைச் சூழ்ந்துகொள்கிறார்கள். அல்லாஹ் அவர்கள் அனைவரையும் மன்னித்துவிட்டதாக அறிவிக்கிறான். ஒரு மலக்கு, அங்கே வேறு ஏதோ காரியமாக வந்து உட்கார்ந்துவிட்ட ஒருவர் இருக்கிறாரே என்கிறார். அவரையும் சேர்த்தே மன்னிப்பு. அவர் திக்ரு செய்யவில்லை, உட்கார்ந்தார், அவ்வளவுதான். தெருவில் யாரையோ தேடி வந்தவர் பயான் நடக்கும் பள்ளித் திண்ணையில் உட்காருகிறாரே, அந்தப் பாக்கியம் அவருக்கு இப்படிக் கிடைக்கிறது. விரல் நுனியால் ஒரு காட்சியிலிருந்து அடுத்த காட்சிக்குத் தள்ளிக்கொண்டு போகிறவருக்கு அந்த உட்காரும் சந்தர்ப்பமே வாய்ப்பதில்லை.

நிக்காஹ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1990ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, புதிய தகவல் கருவிகள் மூலம் ஒப்பந்தங்கள் செய்துகொள்ளலாம் என்று தீர்மானித்தது. ஆனால் நிக்காஹை அதிலிருந்து விலக்கி வைத்தது. சாட்சிகள் தேவைப்படும் ஒப்பந்தம் அது என்பதே காரணம். மாப்பிள்ளை துபாயில் மாட்டிக்கொண்டார் என்றால் வழியில்லாமல் போகவில்லை. தொலைபேசியிலேயே ஒருவரை வகீலாக நியமிக்கட்டும். அந்த வகீல் சபையில் இரு சாட்சிகள் முன் ஒப்புக்கொள்ளட்டும். அபிசீனியாவில் இருந்த அன்னை உம்மு ஹபீபா (ரலி) அவர்களை மதீனாவில் இருந்த நாயகம் (ஸல்) அவர்களுக்கு நஜாஷி மன்னர் நிக்காஹ் செய்து வைத்தது இப்படித்தான். நேரலையை மாப்பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும். அது பார்ப்பதற்கு மட்டுமே.

மனத்தை அதிகம் உலுக்குவது ஜனாஸா. நமக்குத் தெரிந்த ஒரு பெரியவர் வஃபாத்தானார். மூத்த மகன் ரியாதில். விடுப்புக் கிடைத்து விமானம் ஏறி வருவதற்குள் நேரமாகிவிடும். மய்யித்தை அடக்குவதைத் தாமதிக்கக் கூடாது என்பதும் அவருக்குத் தெரியும். "நீங்க எடுத்துடுங்க, எனக்குப் போனிலே காட்டுங்க, போதும்" என்று அழுதார். அக்கா மகன் ஒருவன் செல்போனைப் பிடித்துக்கொண்டான். சந்தாக்கு வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து கபர்ஸ்தான் வரை அவன் கை இறங்கவில்லை. இத்தாவில் உட்கார்ந்துவிட்ட அம்மாவும் வீட்டில் இன்னொரு செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகன் தகப்பனார் முகத்தைக் கடைசியாகப் பார்த்தார். இதைத் தவறு என்று யாராவது சொன்னால் நாம் ஒப்பமாட்டோம். கடல் கடந்து பிழைக்கப் போன பிள்ளைகளுக்கு முந்தைய தலைமுறையில் தந்திதான் வந்தது. சில சமயம் கடிதம்தான், நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவும் முடிந்த பிறகு. ரியாதில் அந்த மகனோடு வேலை செய்யும் காயல்பட்டினத்து நண்பர்கள் ஷாஃபிஈ மத்ஹபினர். அவர்கள் அன்றிரவே காயிப் ஜனாஸா தொழுதார்கள். நம் மத்ஹபில் அது இல்லை. மகன் துஆச் செய்தார்.

அந்தச் செல்போனைப் பிடித்திருந்த பையன் இஷாவுக்குப் பின் நம்மிடம் வந்தான். "ஹஜ்ரத், நான்தான் கபருக்குப் பக்கத்திலேயே நின்னேன். ஆனா நன்னாவுக்கு மூணு கை மண்ணு போடலே" என்றான். இரண்டு கையிலும் செல்போன். எல்லாரும் மண் அள்ளிப் போடுவதைக் காட்டிக்கொண்டே இருந்தான். திரும்பிப் பார்ப்பதற்குள் கபர் மூடியாகிவிட்டது. அழுதுவிட்டான். அடக்கம் முடியும் வரை நின்றவருக்கு இரண்டு கீராத் நன்மை என்ற ஹதீஸைச் சொன்னோம். ஒவ்வொரு கீராத்தும் மலையளவு. நாளைக் காலை ஜியாரத்துக்குப் போய் துஆச் செய் என்று அனுப்பினோம்.

இன்னொன்றும் நடந்தது. அந்த நேரலையைக் குடும்பத்துக்கு மட்டும் என்று வைக்காமல், அவசரத்தில் ஊருக்கே திறந்து வைத்துவிட்டார்கள். முன்பின் தெரியாதவர்களெல்லாம் பார்த்தார்கள். கபருக்குள் மய்யித்தை இறக்கும்போது திரையில் இதயச் சின்னங்கள் மிதந்து மேலே போயின. எவனோ சிரிக்கும் முகத்தையும் போட்டான். பின்னணியில் கேட்ட ஒரு மூதாட்டியின் அழுகுரலை வெட்டி எடுத்து வேறெதற்கோ ஒட்டிப் பரப்பினார்கள். மய்யித்தைக் குளிப்பாட்டுபவர் தாம் கண்டதை மறைத்தால் அவருக்கு மன்னிப்புண்டு என்று கற்றுத் தந்த மார்க்கம் நம்முடையது. குளிப்பாட்டும் இடத்துக்குத் திரை கட்டுகிறோமே, செல்போனுக்கும் ஒரு திரை கட்ட வேண்டாமா? பள்ளி நிர்வாகிகள் இதைக் கவனிக்க வேண்டும். ஜனாஸாவைக் காட்டுவதானால் அந்தக் குடும்பத்துக்கு மட்டும் காட்டுங்கள். மண் போடும் நேரத்தில் செல்போனை வேறொருவர் வாங்கிக்கொள்ளட்டும்.

ஜும்ஆவுக்குப் பின் இதையெல்லாம் விளக்கியபோது கல்லூரியில் படிக்கும் ஓர் இளைஞர் கேட்டார். "ஹஜ்ரத், திரையில் பார்த்தால் தொழுகைக்கு வந்ததாகாது, நிக்காஹுக்குச் சாட்சியாகாது என்கிறீர்கள். சரி. அப்படியானால் திரையில் ஒரு பாவத்தைப் பார்த்தாலும் நாங்கள் அங்கே இல்லைதானே? நன்மைக்கு மட்டும் தூரம், பாவத்துக்குப் பக்கமா?"

நல்ல கேள்வி. கூட்டத்தில் சிலர் அவரை முறைத்தார்கள், முறைக்க வேண்டியதில்லை. இதற்கு விடை அபூதாவூதில் உர்ஸ் இப்னு அமீரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸில் இருக்கிறது. பூமியில் ஒரு பாவம் நடக்கும்போது அங்கே இருந்தும் அதை வெறுத்தவர், அங்கே இல்லாதவரைப் போன்றவர். அங்கே இல்லாமலேயே அதை விரும்பியவர், அங்கே இருந்தவரைப் போன்றவர் என்பது அதன் கருத்து. தொழுகையின் வரிசை உடம்பால் நிற்பது. அதற்கு இடம் வேண்டும். விருப்பும் வெறுப்பும் உள்ளத்தால் நிற்பவை. அவற்றுக்குத் தூரம் கிடையாது. அதோடு கண்ணும் விரலும் இங்கேதானே இருக்கின்றன? பார்த்த கண் உங்களுடையது, பரப்பிய விரலும் உங்களுடையது.

நாயகம் (ஸல்) அவர்கள் பாதையோரங்களில் உட்காருவதைத் தவிர்க்கச் சொன்னார்கள். ஸஹாபாக்கள், நாங்கள் பேசிக்கொள்ள வேறு இடமில்லையே என்றார்கள். அப்படியானால் பாதைக்கு அதன் ஹக்கைக் கொடுங்கள் என்று சொல்லி, அந்த ஹக்குகளை எண்ணிக் காட்டினார்கள்: பார்வையைத் தாழ்த்துவது, பிறருக்குத் தொல்லை தராமலிருப்பது, ஸலாமுக்குப் பதில் சொல்வது, நன்மையை ஏவுவது, தீமையைத் தடுப்பது. இன்றைய சமூக ஊடகம் உலகத்தின் பாதையோரம்தான். அங்கே உட்காராமல் இருக்க முடியவில்லை என்கிறோம். ஹக்கைக் கொடுக்கிறோமா?

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் கடை வைத்திருக்கும் ஒரு சகோதரர் நமக்குப் பழக்கம். பதினான்கு கிலோமீட்டர் சுற்றில் மக்கள் களைத்து வரும் இடம் அது. பௌர்ணமி இரவில் அவர் கடை முன்னால் ஆயிரமாயிரம் பேர் வெறுங்காலோடு போகிறார்கள். வழிபாடு அவர்களுடையது, பாதையின் ஹக்கு இவருடையது. நொண்டி நடப்பவருக்கு ஸ்டூல் போடுவார். கூட்டத்தில் தாயைத் தவறவிட்ட பிள்ளையைப் போலீஸ் உதவி மையத்தில் கொண்டுபோய் விடுவார். அவர் சொன்னது: "முந்தியெல்லாம் யாராவது மயங்கி விழுந்தா நாலு பேரு தூக்க வருவாங்க ஹஜ்ரத். இப்ப முதல்லே நாலு போனு மேலே போவுது. கை அப்புறந்தான் வருது."

2018 மே மாதம் நம் மாவட்டத்திலேயே, போளூரை அடுத்த அத்திமூரில் நடந்ததை மறந்துவிட முடியுமா? குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பம் வழி கேட்க நின்றது. அதிலிருந்த 65 வயது மூதாட்டி, அங்கே நின்ற குழந்தைகளுக்கு சாக்லெட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கும் கும்பல் அலைகிறது என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே ஊரெல்லாம் பரவியிருந்தது. கூட்டம் கூடிற்று. அந்த மூதாட்டியை அடித்தே கொன்றார்கள்; உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தார்கள். அடிப்பதைப் படம் பிடித்தவர்களும் அங்கே இருந்தார்கள். அந்தப் படத்தைப் பரப்பியவர்களும், வீட்டில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தவர்களும் இருந்தார்கள். கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்ற நபிமொழியின் எச்சரிக்கை எவ்வளவு கனமானது! அவ்வாண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தியது. அந்த ஐந்தும் யாருக்கு என்பதை நாம்தான் முடிவு செய்கிறோம்.

அதற்கு அடுத்த ஆண்டு, 2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமை. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் ஜும்ஆவுக்குக் கூடியிருந்தவர்கள் மேல் ஒரு கொடியவன் துப்பாக்கியால் சுட்டான். இரண்டு பள்ளிவாசல்களில் 51 பேர் ஷஹீதானார்கள். முதல் பள்ளியின் வாசலில் நின்றவர், வருகிறவன் யாரென்று அறியாமல், சகோதரரே என்று அழைத்து வரவேற்றார். கொலைகாரன் இதையெல்லாம் ஃபேஸ்புக்கில் நேரலையாகக் காட்டிக்கொண்டே வந்தான். 17 நிமிடம். பார்ப்பவர்கள் வேண்டும் என்பதற்காகவே அவன் அப்படிச் செய்தான். பார்வையாளர் அவனுடைய திட்டத்தில் ஒரு பங்கு.

பிறகு அந்த நிறுவனமே கணக்குச் சொன்னது. நேரலையாக நடந்துகொண்டிருந்தபோது பார்த்தவர்கள் 200 பேருக்கும் குறைவு. அவர்களில் ஒருவர்கூட அந்த நேரத்தில் புகார் செய்யவில்லை. முதல் புகார் வந்தது, காட்சி தொடங்கி 29 நிமிடம் கழித்து, அதாவது முடிந்து 12 நிமிடம் ஆன பின்பு. முதல் ஒரு நாளில் மட்டும் அதன் 15 லட்சம் பிரதிகளை அந்த நிறுவனம் நீக்க வேண்டியிருந்தது. அவற்றில் பெரும்பகுதி ஏற்றும்போதே தடுக்கப்பட்டவை. அப்படியானால் ஏற்ற முயன்ற கைகள் எத்தனை என்று எண்ணிக்கொள்ளுங்கள். நம்மவர்களிலும் சிலர், அநியாயத்தை உலகுக்குக் காட்டுகிறோம் என்ற நல்ல எண்ணத்தில் அதை அனுப்பினார்கள். ஷஹீதானவர்களின் பிள்ளைகளுக்கும் அதே செல்போன்தான் இருக்கிறது என்பதை அவர்கள் யோசிக்கவில்லை.

தீமையைக் கண்டவர் கையால் தடுக்க வேண்டும், முடியாவிட்டால் நாவால், அதுவும் முடியாவிட்டால் உள்ளத்தால் வெறுக்க வேண்டும் என்ற ஹதீஸ் நம் பிள்ளைகளுக்கும் பாடம். திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரின் கை எது என்று கேட்கிறார்கள். இதுதான் அந்தக் கை: அடிதடியோ கொலையோ தற்கொலை முயற்சியோ நேரலையில் வந்தால், மேற்கொண்டு பார்க்காதீர்கள். யாருக்கும் அனுப்பாதீர்கள். இடம் தெரிந்தால் உடனே 112க்குப் பேசுங்கள். அங்கேயே புகாரும் செய்யுங்கள். அதற்கான வழி பெரும்பாலும் திரையின் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளுக்குள் இருக்கும். பெரியவர்களுக்குத் தெரியாவிட்டால் வீட்டில் உள்ள பிள்ளைகளைக் கேளுங்கள். ஒருமுறை காட்டித் தருவார்கள்.